இரட்சணிய யாத்திரிகத்தில் வலியிழந்த தலைவன்

காப்பியத் தலைவன் ஒப்பாரும் மிக்காரும் இல்லாதவனாய் விளங்குதல் வேண்டும் என்பது தண்டியலங்காரம் முதலாய அணி நூல்களின் துணிபு. கம்பனின் இராமன் இவ்விலக்கணத்துக்கு இலக்கியம். வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணியின் தலைவனாகிய சூசையும் குறைவிலாக் குணக்குன்றாகவே படைக்கப்பட்டான். ஆயின், 1894இல் நூலாக வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தின் தலைவனோ கந்தையுடுத்து, முதுகிற் பெருஞ்சுமை தாங்கி, செய்வதறியாது கலங்கி அழுபவனாக நம்முன் தோன்றுகிறான். அவனுக்குக் குலப்பெருமை இல்லை, தோள்வலி இல்லை, தன் வீட்டாரைத் தன்வழிப்படுத்தும் சொல்வலியும் இல்லை. இத்தகைய ஒருவனை நடுநாயகமாக நிறுத்தி 3,000க்கு மேற்பட்ட செய்யுட்களால் ஒரு காப்பியம் பாடப்பட்டது என்பதே ஆராய்தற்குரிய செய்தி.

நூலாசிரியர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) நெல்லை நாட்டு வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, இளமையிலேயே கம்பராமாயணத்தில் தோய்ந்தவர்; சாயர்புரத்திலே தமிழாசிரியராய் இருந்தவர்; 1858இல் கிறித்தவ சமயந் தழுவியவர். அவர் முதனூலாகக் கொண்டது ஆங்கில நாட்டு ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதை. பனியன் பழம்பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. பல்கலைக்கழக வாயிலை மிதித்தறியாதவர். அரசின் உரிமமின்றிச் சமயம் போதித்த குற்றத்துக்காக 1660 முதல் 1672 வரை பெட்பர்டுச் சிறையில் இருந்தார். சிறைப்பட்ட ஏழையொருவரின் எளிய உரைநடை, கம்பன் சொல்வளத்திலே திளைத்த புலவர் ஒருவரின் கையில் விருத்தமாயிற்று. நூலின் சிறப்பும் இடர்ப்பாடும் ஒருங்கே இதிலிருந்து தோன்றுகின்றன.

பனியன் கதையில் ஓரிடம் ஊன்றி நோக்கத் தக்கது. வழியிலுள்ள மாளிகையின் வாயில்காவலன் பெயர் வினவியபொழுது, யாத்திரிகன் தன் இந்நாட்பெயர் கிறித்தவன் என்றும், முன்னாட்பெயர் அருளற்றவன் என்றும் விடையிறுக்கிறான். புதுப்பெயர் அவன் ஈட்டிய விருதன்று.  கிருஷ்ணபிள்ளை தம் தலைவனுக்கு ஆத்துமவிசாரி எனப் பெயரிட்டார். ஆன்மாவைக் குறித்துக் கவலையுறுபவன் என்பது பொருள். ஒருவனை அவனது கவலையாலேயே பெயரிட்டழைக்கும் இத்துணிவு பழைய காப்பியப் புலவர்க்கு வாய்த்ததன்று. இதற்கு மூலம் விவிலியத்திலேயே உண்டு. யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் மற்போர் புரிந்த யாக்கோபு, தொடைச்சந்து பிசகிய பின்னரே இஸ்ரவேல் என்னும் பெயரைப் பெறுகிறான். பெயரோடு விடிகிறது பொழுது; நொண்டியே நடக்கிறான். ஒரு குலத்தார் தம்மை இன்னாரெனச் சுட்டுதற்குரிய பெயர், ஊனமுற்ற இரவில் வந்தது.

வலியின்மையிலிருந்து வலி பிறத்தல் தமிழ்மக்கள் அறியாத பொருளன்று. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் சவளக்கடை, கல்முனைப் பகுதிக்கு அணித்தேயுள்ள காரைதீவில், ஆண்டுதோறும் வைகாசியில் கண்ணகியம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நிகழ்கின்றது. கணவனை இழந்து, அயலூரிலே துணையின்றி நின்ற ஒரு பெண் அரசவையை நடுங்கவைத்த வரலாற்றைக் கீழ்கரை மக்கள் கண்ணகி வழக்குரையாகக் கேட்டு வருகின்றனர். எனினும் கண்ணகியின் வலியின்மை தீயாக மாறுகிறது, மதுரை எரிகிறது. அவ்வெம்மையைத் தணித்தற்கே குளிர்த்தி வேண்டப்படுகிறது. கிருஷ்ணபிள்ளை பிறந்த வைணவத்திலோ கசேந்திரன் கதை உண்டு. முதலையோடு போராடித் தன் வலியெல்லாம் ஓய்ந்த பின்னரே யானை இறைவனைக் கூவி அழைக்கிறது. தன்னால் ஆவதொன்றுமில்லை என உணரும் கார்ப்பணியம் சரணாகதியின் அங்கங்களுள் ஒன்றென ஆசாரியர் வகுத்தனர். ஆகவே, யாத்திரிகனின் அழுகை கிருஷ்ணபிள்ளைக்குப் புதிய மொழியன்று, தாய்வீட்டு மொழியேயாம்.

வேற்றுமை வேறிடத்தில் உள்ளது. யானை கூவியவுடன் திருமால் ஆழியேந்தி விரைந்து வருகிறார். அடியாரின் மெலிவுக்கு ஆண்டவனின் வலிமை விடையாகிறது. கல்வாரியிலே கூவியவர்க்கு அங்ஙனம் எவரும் வந்திலர். அங்கே மெலிந்து நிற்பவர் அடியாரல்லர், ஆண்டவரே. முள்போன்ற நோயொன்று தம்மை வருத்த, அதனை நீக்குமாறு மும்முறை வேண்டிய பவுலடிகள், நோய் நீங்கப் பெறாது, அருள் போதும் என்னும் விடையையே பெற்றார். தம் பலவீனத்திலேயே கிறிஸ்துவின் ஆற்றல் தங்குமென்று கொரிந்தியர்க்கு எழுதினார்.

இக்கருத்து பனியனிடம் கதைக்குப் பின்புலமாக மட்டுமே நிற்க, கிருஷ்ணபிள்ளை இயேசுநாதரின் பாடுகளையும் மரணத்தையும் இரட்சணிய சரிதப் படலமாக விரித்துப் பாடித் தம் நூலிற் சேர்த்தார். இது கதையோட்டத்துக்கு இடையூறு என்பாரும் உளர். அக்குறை மேலோட்டமானது. தலைவன் வலியிழந்தவனாயின் காப்பியத்துக்கு நிலைக்களன் யாது என்னும் வினாவுக்கு இப்படலமே விடை. ஒப்பாரில்லாத் தலைவனை இலக்கணம் கேட்டது. புலவர் அவனைக் கொடுத்தார், ஆனால் விலங்கிடப்பட்டுத் தேசாதிபதியின்முன் வாய்திறவாது நிற்பவனாகக் கொடுத்தார். யாத்திரிகனின் மெலிவு அதன்பின் இழிவாகத் தோன்றுவதில்லை.

எனினும் புலவர் எங்கும் வெற்றி கண்டாரென்று சொல்லுதற்கில்லை. கம்பனிடமிருந்து பெற்ற விருத்த நடை மிடுக்குடையது; அணிவகுத்து நடக்க வல்லது; விம்மத் தெரியாதது. பனியனின் யாத்திரிகன் அப்பொல்லியோனோடு பொரும்போது தலையிலும் கையிலும் காலிலும் புண்பட்டு, வாளும் கைநழுவ, ஏறக்குறைய மாண்டே போகிறான். அத்தகைய இடங்களுக்கு வீரச்சுவைச் சொல்லடுக்குப் பொருந்துமாறில்லை. 'கிறித்தவக் கம்பர்' என்னும் பாராட்டு கிருஷ்ணபிள்ளைக்கு ஒரு சுமையாகவும் அமைந்தது எனலாம். நூலிடையே தேவாரம் என்னும் பெயரால் அவர் வைத்த இசைப்பாடல்களிலேயே மெலிந்தவனின் குரல் மெய்யாக ஒலிக்கின்றது. நாயினுங் கடையேன் எனத் தம்மை இகழ்ந்து உருகும் மணிவாசகர் வழிவந்த குரல் அது. சோழ பாண்டியர் அவைக்குரிய யாப்பைவிட, கோயில் முன்றிலில் நின்று அழுதற்குரிய யாப்பே இப்பொருளுக்கு இசைந்தது.

இனி, இக்கோட்பாடு கோழைமையை வளர்க்குமோ என்னும் ஐயம் உண்டு. செருமானிய அறிஞர் நீட்சே, கிறித்தவ அறம் அடிமைகளின் அறம் என்று 1887இல் எழுதிய நூலில் கடுமையாகச் சாடினார். அயலார் ஆட்சியில் நெடுங்காலம் இருந்த நாட்டினர்க்கு இவ்வையம் பொருளற்றதன்று. பணிவைப் போதித்து வரி தண்டிய ஆட்சிகளும் இருந்தன. ஆனால் பனியனின் வாழ்வு வேறு விடை தருகின்றது. இனிப் போதிப்பதில்லை என்று ஒருசொற் கூறியிருப்பின் அவர் சிறைநீங்கிப் பார்வையற்ற மகளிடமும் ஏனைய மக்களிடமும் திரும்பியிருக்கலாம். அவர் கூறவில்லை. அவர் கதையிலும், மாயச் சந்தையில் யாத்திரிகனின் தோழன் மன்னிப்புக் கேளாது எரியுண்டு மாய்கிறான். தன் வலியில் நம்பிக்கை இழந்தவனை அச்சுறுத்துதற்கு அரசனிடம் மிஞ்சுவது யாது?

கதையின் முடிவும் இவ்வழியே செல்கின்றது. பொன்னகர்க்கு இப்பால் பாலமில்லாத ஓர் ஆறு குறுக்கிடுகின்றது. இத்தனை இடர் கடந்த யாத்திரிகன் அங்கே வீறுகொண்டு நீந்துவான் என எதிர்பார்ப்போர் ஏமாறுவர். அவன் அஞ்சுகிறான், அமிழ்கிறான், இருள் அவனைச் சூழ்கிறது, பழைய பாவங்களை எண்ணிப் புலம்புகிறான். உடன்வந்த நம்பிக்கை என்னும் தோழனே அவன் தலையை நீர்மேல் தாங்கிப் பிடித்து, அடியில் தரை தட்டுகிறது, அஞ்சற்க எனத் தேற்றுகிறான். அக்கரையில் அவர்களுக்காகக் காத்திருப்போர், நகரின் மணிகள் ஒலிக்க, இருவரையும் ஒருபடித்தாகவே எதிர்கொள்கின்றனர். தாங்கியவன் யார், தாங்கப்பட்டவன் யார் என அங்கே எவரும் வினவுவதில்லை.