மோசல் நதியின் இரு சித்திரங்கள்

நிலக்காட்சியைப் பாடும் இலக்கியத்தை மதிப்பிடுவோர் வருணனையின் நுட்பத்தையும் உவமையின் பொருத்தத்தையுமே பெரிதும் நோக்குவர். வருணிக்கப்படும் நிலம் எவ்வாறு அந்நிலையை அடைந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஜேர்மனியின் மோசல் பள்ளத்தாக்கைப் பற்றி ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டு இடைவெளியில் எழுந்த இரு எழுத்துக்களை ஒப்புநோக்குமிடத்து அவ்வினாவின் இன்றியமையாமை புலனாகும். ஒன்று, உரோமப் புலவர் ஓசோனியஸ் கி.பி. 371 அளவில் இயற்றிய 'மோசெல்லா' என்னும் இலத்தீன் கவிதை. மற்றையது, காள் மாக்ஸ் 1843 ஜனவரியில் 'றைனிஷே சைற்றுங்' பத்திரிகையில் எழுதிய கட்டுரைத் தொடர்.

பிரான்சின் வோஸ் மலைகளில் ஊற்றெடுக்கும் மோசல், கொப்ளென்ஸ் நகரில் றைன் நதியுடன் கலக்கின்றது. அதன் ஜேர்மன் பகுதி, முந்திரிகைக் கொடி நன்கு கனியக்கூடிய வடவெல்லையை அண்டியதாக நெடுங்காலம் கருதப்பட்டது. ஆகவே தெற்கு நோக்கிய செங்குத்துச் சரிவுகளே பயிருக்கு உகந்தவையாயின. அங்குள்ள சிலேற்றுப் பாறைத் துண்டுகள் பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் வெளிவிடுகின்றன. பிறெம் கிராமத்தருகேயுள்ள கல்மொன்ற் சரிவு 60 பாகைக்கு மேற் சாய்ந்த பகுதிகளை உடையது. இத்தகைய இடங்களிற் சாந்தின்றி அடுக்கிய கற்சுவர்களே படிநிலங்களைத் தாங்குகின்றன. மழை அடித்துச் சென்ற மண்ணை மனிதர் முதுகிற் சுமந்து மீண்டும் மேலேற்றினர். இன்று இப்பள்ளத்தாக்குக்குப் புகழ் தேடித்தரும் றீஸ்லிங் என்னும் வெள்ளை வைன் வகை 15ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இடம்பெறுகின்றது. 1787இல் ட்றியர் பேராயரும் ஆட்சியாளருமான கிளெமென்ஸ் வென்ஸெஸ்லௌஸ் தரங்குறைந்த கொடிகளை அகற்றி நல்லினக் கொடிகளை நடுமாறு ஆணையிட்டார். எனவே 'இயற்கைக் காட்சி' எனத் தோன்றுவது கல்லும் சுமையும் அரசாணையும் சேர்ந்து உருவாக்கிய வரலாறாகும்.

ஓசோனியஸ் போர்தோ நகரத்தவர். முந்திரிகைத் தோட்டமும் கொண்ட பரம்பரை நிலத்துக்கு உரியவர். இளவரசன் கிறேஷியனின் ஆசிரியராக ட்றியர் அரசவையில் விளங்கியவர். 483 அடிகளைக் கொண்ட அவரது கவிதையில் நதியின் தெளிவு, மீனினங்களின் பட்டியல், கரையோர மாளிகைகள், கிளை நதிகள் என்பன விரிவாகப் பேசப்படுகின்றன. கொடிகள் படர்ந்த குன்றுகள் அவருக்கு ஓர் இயற்கை அரங்கமாகக் காட்சியளிக்கின்றன. மாலை வேளையிற் பசுங்குன்று நீரில் நிழலாடும் பகுதி அக்கவிதையின் சிகரம் எனலாம். அதன் அழகை மறுப்பது திறனாய்வாகாது.

எனினும், அச்சரிவில் உழைப்போர் அக்கவிதையில் எவ்வாறு தோன்றுகின்றனர் என்பது கவனத்துக்குரியது. அவர்கள் குன்றின் உச்சியிலும் சரிவிலும் மகிழ்ச்சியோடு விரைகின்றனர், கூவி விளையாடுகின்றனர். வழிப்போக்கரும் படகோட்டிகளும் வேலையிற் பிந்திய தோட்டக்காரரை நையாண்டி செய்கின்றனர். அந்த நையாண்டி மலையிற் பட்டு எதிரொலிக்கின்றது. ஏன் பிந்தினர், யாருடைய நிலத்தில் உழைத்தனர் என்பன கூறப்படவில்லை. உழைப்பு இங்கு ஒலியாக மாற்றப்பட்டுக் காட்சிக்கு அணியாகிவிடுகின்றது.

'அக்காலக் கவிஞரிடம் வேறெதை எதிர்பார்க்கலாம்?' என்று வினவப்படலாம். அவ்வாதம் வலுவற்றது. கவிதையிற் பயணி நதியை வந்தடையும் இடமாகிய நொய்மாகனில் 1878இல் ஒரு கல்லறைச் சிற்பம் கண்டெடுக்கப்பட்டது. கி.பி. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சிற்பத்தில் வைன் பீப்பாய்களை ஏற்றிய கப்பலும் அதை வலிக்கும் தண்டுகாரரும் முகங்களோடு செதுக்கப்பட்டுள்ளனர். ஓசோனியஸ் தாமும் மீனவரின் வலையையும், ஆற்றுநீர் இயக்கும் பளிங்கறுக்கும் வாளையும் கண்டு பாடியவரே. ஆகவே உழைப்பைக் காணும் ஆற்றல் அக்காலத்துக்கு இருந்தது; படிநிலத்தின் உழைப்பே அவர் பார்வைக்குத் தப்பியது. தோட்டத்துக்கு உடையவரின் கண், தோட்டத்தை நிலத்தின் இயல்பாகக் கண்டுவிட்டது.

மாக்ஸ் ட்றியர் நகரிற் பிறந்தவர். கட்டுரையை எழுதியபோது அவருக்கு வயது 24. 1815இல் பிரஷ்யாவின் ஆட்சிக்கு வந்த மோசல் பகுதி, 1818ஆம் ஆண்டுச் சுங்கவரியின் பாதுகாப்பிற் செழித்தது. 1834இல் ஜேர்மன் சுங்க ஒன்றியம் ஏற்பட்டபின் தென்பகுதி வைன்கள் தடையின்றிப் புகுந்தன, விலை வீழ்ந்தது, சிறு தோட்டக்காரர் கடனில் மூழ்கினர். இத்துயரை எழுதிய நிருபருக்கு மாகாண ஆளுநர் வொன் ஷாப்பர் ஆதாரம் கேட்டபோது, பத்திரிகையாசிரியராகிய மாக்ஸ் மறுமொழி எழுதினார். அவர் எந்த அதிகாரியின் தீய குணத்தையும் குற்றஞ்சாட்டவில்லை. தனிமனிதர், அதிகாரிகள் ஆகிய இரு சாராரின் செயல்களையும் நிர்ணயிக்கும் புறநிலை உறவுகளையே சுட்டினார். ஏழைத் தோட்டக்காரரின் அழிவை ஓர் இயற்கை நிகழ்வாக ஏற்கும் நிர்வாக மனப்பான்மையை அவர் அம்பலப்படுத்தினார். தொடரின் எஞ்சிய பகுதிகள் வெளிவரவில்லை. 1843 மார்ச்சுடன் பத்திரிகையே தடைசெய்யப்பட்டது. பொருளியற் பிரச்சினைகளிற் தம்மை முதலில் ஈடுபடுத்தியவற்றுள் மோசல் விவசாயிகளின் நிலையும் ஒன்றென 1859இல் அவர் குறிப்பிட்டார்.

இவ்வெழுத்துக்கும் குறையுண்டு. அதிற் சரிவில்லை, சுவரில்லை, கனியின் மணமில்லை. தோட்டக்காரர் மனுக்களிலும் அறிக்கைகளிலும் துன்புறுவோராக மட்டுமே தென்படுகின்றனர். கல்லடுக்கவும் கொடி வளைக்கவும் அறிந்த வினைஞராகத் தென்படவில்லை. ஓசோனியஸ் மனிதரை நிலத்துள் மறைத்தார் எனின், மாக்ஸ் வினைத்திறனை வறுமையுள் மறைத்தார் எனலாம். ஆயினும் இரு குறைகளும் சமமானவையல்ல. முன்னையது அநீதியை இயற்கையாக்குகின்றது. பின்னையது அநீதியைத் தேடும் அவசரத்தில் அழகைத் தவறவிடுகின்றது.

இது பழங்கதையன்று. மோசல் வைனைச் சுவைப்போர் கிண்ணத்திற் சிலேற்றுப் பாறையே ருசிப்பதாக இன்றும் எழுதுகின்றனர். பாறைக் கனிமங்கள் நேரே சுவையாவதாக அறிவியல் ஏற்கவில்லை. கைகள் செய்ததைக் கல்லுக்கு உரியதாக்கும் பழைய பார்வையே இங்கும் தொடர்கின்றது. 1971ஆம் ஆண்டின் ஜேர்மன் வைன் சட்டம், சரிவையோ உழைப்பையோ கருதாது, பழச்சாற்றின் சர்க்கரை அளவையே தர அளவுகோலாக்கியது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் செங்குத்துப் படிநிலங்கள் பல கைவிடப்பட்டன. தாங்குவாரற்ற சுவர்கள் சரிந்தன. ஓசோனியஸ் நிலத்தின் அணியெனக் கண்ட காட்சி, கைகள் விலகியதும் புதராயிற்று. கவிதை சொல்லாது விட்ட உண்மையை அச்சரிவுகளே சொல்லின.

எனவே நிலத்தைப் பாடும் கவிதையை வாசிக்கும் திறனாய்வு, அதன் அழகை ஏற்கும் அதேவேளை அதன் மௌனத்தையும் வாசித்தல் வேண்டும். நதியில் நிழலாடும் கொடியையும் அக்கொடிக்கு மண் சுமந்தவரையும் ஒருசேரக் காணும் எழுத்தே முழுமையானது. அவ்வெழுத்தைக் கோரும் கடமை திறனாய்வாளருக்கு உண்டு.