மர ஆடுகளும் கடுகு விதையும்

நல்ல ஆயன் மறைக்கல்வி, மூன்று வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைக் கிறிஸ்தவ நம்பிக்கையில் வளர்க்கும் முறை. 1954இல் உரோமையில் தொடங்கியது. விவிலிய அறிஞர் சோஃபியா கவலேத்தியும் (1917–2011), மாண்டிசோரி ஆசிரியை ஜான்னா கொப்பியும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். கவலேத்தி எபிரேயம் கற்றவர். குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிப் பழக்கமில்லாதவர். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் புதுநன்மைக்கு ஆயத்தம் செய்யும்படி அவரைக் கேட்டார்கள். அவர் விவிலியத்தைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து அவனோடு படித்தார். இரண்டு மணி நேரம் போனபிறகும் சிறுவனுக்கு எழுந்து போக மனம் வரவில்லை. அதைக் கண்டு வியந்து தொடங்கிய வேலை அவர் வாழ்நாள் முழுவதும் நீண்டது.

இருவரும் வேலை செய்த விதமே தனி அழகு. ஒரு விவிலியப் பகுதிக்கோ வழிபாட்டுச் செயலுக்கோ ஏற்ற பொருளைக் கையால் செய்வார்கள்; குழந்தைகள் முன் வைப்பார்கள்; ஒதுங்கி நின்று கவனிப்பார்கள். பிள்ளைகள் மீண்டும் மீண்டும் தேடிப் போய் எடுத்த பொருள் நிலைத்தது. ஒருமுறை தொட்டுவிட்டு மறந்தது, பெரியவர்களுக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், கழிக்கப்பட்டது. இன்று அலமாரியில் இருப்பவை குழந்தைகளே தேர்ந்தெடுத்தவை என்று சொல்லலாம். மறைக்கல்வி வரலாற்றில் இத்தகைய பணிவு அரிது.

மறைக்கல்வி நெடுங்காலம் வினா-விடையாகவே இருந்தது. தமிழுக்கும் இதில் பழைய பங்கு உண்டு. அன்றிக்கே அன்றிக்கசு அடிகளார் தந்த 'கிரீசித்தியானி வணக்கம்' 1579இல் கொச்சியில் அச்சானது. ஆசிரியரும் மாணவரும் உரையாடும் நடையில் அமைந்தது. அதன் போர்த்துக்கீசிய மூலநூல் சிறுவர்களுக்குக் கற்பிக்கவே எழுதப்பட்டது. வினா-விடையை இகழ வேண்டியதில்லை. மனப்பாடமாக வந்த வரி முதுமையிலும் கைவிடாது. ஆனால் அதில் வினாவும் பெரியவருடையது, விடையும் பெரியவருடையது. மூன்று வயதுக் குழந்தை வினாவைத் தானே கண்டடைய வேண்டும். அதற்கு இடம் விட்டது உரோமையில் தோன்றிய இம்முறையின் சாதனை.

இம்முறையின் விதை கல்வியாளர் மரியா மாண்டிசோரியிடமிருந்து வந்தது. பார்சலோனாவில் அவர் வழிகாட்டலில் நடந்த பள்ளியில், திருப்பலிக்கான அப்பத்துக்கும் இரசத்துக்கும் பிள்ளைகளே கோதுமை விதைத்தார்கள், திராட்சைக் கொடி வளர்த்தார்கள். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்தியாவில் பயிற்சி அளித்த அதே மாண்டிசோரிதான். கொப்பி அவருடன் பணிசெய்தவர். கையால் தொட்டறிவதே குழந்தைக்குச் சிந்தனை என்ற கல்வியைக் கொப்பி கொண்டுவந்தார். எந்த விவிலியப் பகுதியைத் தொட வேண்டும் என்ற தெளிவைக் கவலேத்தி கொண்டுவந்தார்.

கற்பிக்கும் அறைக்கு ஆத்ரியம் என்று பெயர். பழங்காலக் கோயில்களில் தெருவுக்கும் ஆலயத்துக்கும் நடுவே இருந்த முன்கூடத்தின் பெயர் அது. மேசை, நாற்காலி, அலமாரி எல்லாம் குழந்தையின் உயரத்துக்கே இருக்கும். கரும்பலகை இல்லை, சுவரை நிறைக்கும் வண்ணப் படங்களும் இல்லை. மெதுவாக நடக்கவும், தாழ்ந்த குரலில் பேசவும், நாற்காலியை ஓசையின்றி நகர்த்தவும், சிந்தாமல் ஊற்றவும் குழந்தை முதலில் பழகும். இவற்றையும் இறைவேண்டலுக்கான ஆயத்தமாகவே இம்முறை கருதுகிறது.

இதன் தலைசிறந்த படைப்பு, பெயருக்கே காரணமான நல்ல ஆயன் பாடம். பச்சை வண்ணம் பூசிய வட்டப் பலகை, திறந்து மூடும் வாயிலுள்ள வேலி, தட்டையான மரத்தில் வெட்டிய சில ஆடுகள், ஓர் ஆயன். கருவிகள் அவ்வளவுதான். ஆயன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கிறான், அவை அவன் குரலை அறிந்து பின்தொடர்கின்றன என்ற பகுதியை யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்திலிருந்து ஆசிரியை வாசிப்பார். பிறகு ஆயனை முன்னே நகர்த்தி, ஆடுகளை ஒவ்வொன்றாக, அவசரமின்றி, அவன் பின்னே நகர்த்துவார். எல்லா ஆடுகளையும் நகர்த்திமுடிக்க நேரமாகும். அந்த நேரம் வீணல்ல. ஒவ்வோர் ஆடும் தனித்தனியே அழைக்கப்படுகிறது என்பதைக் குழந்தை கண்ணால் காண்பது அப்போதுதான். ஆடுகளுக்குச் சிரித்த முகமோ பெரிய கண்ணோ வரையாததும் நல்ல தேர்வு. பொம்மை தன்னைக் காட்டிக்கொண்டால் சொல் பின்னுக்குப் போய்விடும்.

இந்த ஆடுகள் யார் என்று ஆசிரியை சொல்ல மாட்டார். கேள்வியாக மட்டும் விடுவார். ஓநாயும் கூலிக்கு மேய்ப்பவனும் வரும் வரிகளைச் சிறு குழந்தைகளுக்கு வாசிப்பதில்லை; அச்சத்துக்கு முன் பாதுகாப்பு வேரூன்ற வேண்டும் என்பது காரணம். ஆடுகள் யார் என்பதைக் கண்டுபிடிக்கச் சில குழந்தைகளுக்கு மாதங்கள் ஆகும். பின்னர் வரும் ஒரு பாடத்தில் மேய்ச்சல் நிலத்தின் நடுவே பீடம் வருகிறது. அப்பமும் கிண்ணமும் வைக்கப்படுகின்றன. ஆடுகள் சூழ நிற்கின்றன. அப்புறம் ஒவ்வோர் ஆட்டின் இடத்திலும் ஒரு மனித உருவம் வந்து நிற்கிறது. திருப்பலி என்பது என்ன என்று பல பக்கங்களில் விளக்கியும் பிடிபடாத ஒன்றை அந்த இடமாற்றம் சொல்லிவிடுகிறது. ஏற்கெனவே தானே கண்டுபிடித்த குழந்தைக்கு இது தன் அறிவை உறுதிப்படுத்தும் காட்சி. கண்டுபிடிக்காத குழந்தைக்கு வாயில் திறந்தே இருக்கிறது. இவ்வளவு நுட்பமான வடிவமைப்பைப் பெரியவர்களுக்கான சமயக் கலையிலும் எளிதில் காண முடியாது.

கடுகு விதை உவமை இன்னும் சுருக்கமானது. சிறு பெட்டியிலிருந்து ஆசிரியை ஒரு விதையைக் குழந்தையின் விரல் நுனியில் வைப்பார். கண்ணுக்கு அரிதாகப் புலப்படும் மிகச் சிறிய விதை அது. தாளிப்பில் வெடிக்கும் சமையலறைக் கடுகு இதைவிடப் பெரியது. இறையாட்சி இதற்கு ஒப்பு என்று நற்செய்தி சொல்வதை வாசித்து, இந்தச் சிறு விதையை அவ்வளவு பெரிதாக்கும் ஆற்றல் எது என்று கேட்பதோடு பாடம் நின்றுவிடும். மாவைப் புளிக்க வைக்கும் புளிப்பு மாவும், உழவன் உறங்கும்போதும் தானே வளரும் விதையும் இதே வரிசையில் வருகின்றன. நம்பிக்கையில் வளர்வது என்ற கருத்தைக் குழந்தைக்குப் புகட்ட வேண்டிய தேவையே இங்கு எழுவதில்லை. தானும் அன்றாடம் வளர்ந்துகொண்டிருக்கும் உயிர், வளர்ச்சியின் மறைபொருளை நேரே அடையாளம் கண்டுகொள்கிறது.

வழிபாட்டைக் கற்பிப்பதும் கைவழியே நடக்கிறது. குழந்தை அளவிலான பீடம், கிண்ணம், அப்பத்தட்டு, மெழுகுதிரிகள் இருக்கும். ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை நிறங்களில் தைத்த குட்டித் திருவுடைகள் தொங்கும். இரசத்தில் சிறிது தண்ணீர் கலக்கும் செயலைக் குழந்தை தானே செய்து பார்க்கிறது. கலந்த நீரைத் திரும்பப் பிரிக்க முடியாது என்பதையும் தானே அறிகிறது. திருமுழுக்குப் பாடத்தில் பாஸ்கா திரியிலிருந்து ஒவ்வொரு குழந்தையின் திரியும் ஏற்றப்படுகிறது. ஆறு வயதுக்குட்பட்டோரின் சொந்த வேண்டுதல்கள் பெரும்பாலும் நன்றியும் புகழுமாகவே இருந்தன, கேட்டுப் பெறும் மன்றாட்டு குறைவு என்று கவலேத்தி பதிவு செய்கிறார். குழந்தைகளுக்கு வேண்டுதல் வாசகம் எழுதிக் கொடுக்கும் பெரியவர்கள் இதை மனத்தில் வைப்பது நல்லது.

ஒழுக்கப் பாடங்கள் ஆறு வயதுக்குப் பிறகே தொடங்குகின்றன. நல்ல சமாரியர், பரிசேயரும் வரிதண்டுபவரும் போன்ற உவமைகள் அப்போது வருகின்றன. திராட்சைக் கொடி நடுநாயகமாகிறது. படைப்பிலிருந்து கிறிஸ்துவின் மறுவருகை வரையான மீட்பு வரலாறு நீண்ட நாடாவாக விரிகிறது. இந்த வயது வரிசையில்தான் முறையின் ஆழ்ந்த அறிவு இருக்கிறது. அன்பு செய்யப்படுகிறோம் என்பது நிலைபெறுவதற்கு முன்பே, பொய் சொன்னால் சாமி தண்டிப்பார் என்று மூன்று வயதில் கேட்கும் குழந்தை கடவுளைக் காவலராகவே அறிமுகம் கொள்கிறது. பிறகு அதை மாற்றுவது கடினம்.

கத்தோலிக்கச் சூழலில் பிறந்த இம்முறை பிற சபைகளுக்கும் பரவியது. அமெரிக்கக் குருவானவர் ஜெரோம் பெரிமன் மாண்டிசோரிப் பயிற்சியும் கவலேத்தியின் தாக்கமும் பெற்று, 'காட்லி பிளே' என்ற தம் முறையை வகுத்தார். அதில் உவமைகள் பொன்னிறப் பெட்டிகளில் மூடி வைக்கப்படுகின்றன. பாலைவனப் பயணங்கள் மணல் பெட்டியில் நடக்கின்றன. விடை தயாராக இல்லாத கேள்விகளோடு கதை முடிகிறது. சொல்லாட்சியில் பெரிமனின் முறை சிறந்தது. ஆயினும் குழந்தை தனியே பொருளோடு செலவிடும் நேரத்தில் கவலேத்தியின் ஆத்ரியமே செறிவு மிக்கது.

குறைகளும் உண்டு. தனி அறை வேண்டும், பயிற்சி நீண்டது, ஒரே நேரத்தில் சில பிள்ளைகளையே ஏற்க முடியும். ஞாயிறு திருப்பலி முடிந்து அறுபது பிள்ளைகளை ஒரே ஆசிரியை வேப்பமரத்தடியில் அமர்த்தும் பங்குக்கு இதை அப்படியே கொண்டுவர இயலாது. பொருளைப் பொறுத்தவரை இந்தத் தடை இல்லை. கடையில் வாங்குவதைவிட ஆசிரியர்கள் தாங்களே செய்வதையே இம்முறை விரும்புகிறது: மரத்தை அறுத்து ஆடு வெட்டுவது, திருவுடை தைப்பது, ஒவ்வொரு பாடத்தையும் படங்களோடு தங்கள் ஏட்டில் எழுதி வைப்பது எல்லாம் பயிற்சியின் பகுதி. பலகையை உரசி வழவழப்பாக்கும் நேரத்தில் அந்த விவிலியப் பகுதி செய்பவர் மனத்திலும் ஊறுகிறது. மரப்பலகையும், துணியும், சிறிது வண்ணமும் எந்தப் பங்கிலும் கிடைக்கும். நல்ல ஆயன் பாடத்துக்கு அவையே போதும்; கடுகு விதைப் பாடத்துக்குச் சிறு பெட்டியும் விதையும் போதும்.