வஸ்தியின் மறுப்பும் ரபிமாரின் விளக்கமும்

எஸ்தரின் நூலைப் படிப்போர் எஸ்தரையே நினைவிற் கொள்வர். அவளுக்கு முன் அரசியாயிருந்த வஸ்தியோ முதல் அதிகாரத்தில் தோன்றி அதே அதிகாரத்தில் நீக்கப்படுகிறாள். அவள் பேசிய ஒரு சொல்லைத்தானும் நூல் பதிவு செய்யவில்லை. அவள் மறுத்தாள் என்பதே அவள் வரலாறு.

127 நாடுகளை ஆண்ட அகாஸ்வேரு, 180 நாள் தன் செல்வச் செழிப்பைப் பிரபுக்களுக்குக் காட்டுகிறான். பின்னர் சூசான் நகரத்தாருக்கு 7 நாள் விருந்தளிக்கிறான். இறுதி நாளில், மதுமயக்கத்தில், அரசியின் அழகையும் சபையோருக்குக் காட்ட எண்ணி ஏழு அண்ணகரை அனுப்புகிறான். பொன்னையும் பளிங்கையும் காட்டி முடித்தவனுக்கு எஞ்சிய காட்சிப்பொருள் மனைவி! அவள் வர மறுக்கிறாள். ஏன் மறுத்தாள் என்று நூல் கூறவில்லை.

அவையோர் கலங்கினர். அரசியைப் பார்த்து ஏனைய பெண்களும் கணவரை அவமதிப்பர் என்று மெமுகான் எச்சரிக்கிறான். ஒவ்வொரு ஆடவனும் தன் வீட்டுக்குத் தானே அதிகாரி என்னும் கட்டளை நாடெங்கும் அனுப்பப்படுகிறது. ஒரு பெண்ணின் மறுப்பில் அரசியல் உண்டு என்பதை ஆளும் வர்க்கம் நன்குணர்ந்திருந்தது.

நூலின் மௌனத்தைப் பிற்காலத்து ரபிமார் நிரப்பினர். வஸ்திக்குக் குட்டநோய் கண்டது என்கிறார் ஒருவர். கபிரியேல் தூதன் வந்து அவளுக்கு வால் முளைக்கச் செய்தான் என்கிறது இன்னொரு மரபு. பாபிலோனியத் தல்மூத்தின் மெகில்லாப் பகுதியில் இவை உள்ளன. தன்மானத்தின் பொருட்டு ஒரு பெண் மறுத்திருக்கலாம் என்பதை இவ்விளக்கங்கள் ஏற்கவில்லை. அவள் உடலிலேயே காரணந் தேடின.

இதற்கும் ஒரு சமூக அடிப்படை உண்டு. ரபிமார் வஸ்தியை நேபுகாத்நேச்சாரின் பேத்தியாகக் கொண்டனர். எருசலேம் ஆலயத்தை எரித்து யூதரைச் சிறைகொண்டு சென்றவன் அவன். யூதப் பெண்களை ஓய்வுநாளில் ஆடையின்றி வேலை வாங்கினாள் என்றும் அவள்மீது குற்றஞ் சாட்டினர். அடிமைப்பட்ட மக்களின் நியாயமான சினம் இது. ஆனால் பாட்டன் செய்த கொடுமைக்குப் பேத்தியின் உடல் தண்டிக்கப்படுகிறது. வேதநூல் அவளைக் கொல்லவில்லை. அவளைக் கொன்றது விளக்கவுரையே.

எனினும் அந்த மரபு ஒற்றைக் குரலுடையதன்று. அரசனை அவள் தன் குடும்பத்துக் குதிரைலாயக்காரனின் மகனென்று இகழ்ந்ததாகவும் அதே தல்மூத் கூறும். ஆண்டான் குலத்தின் செருக்கு இது. வஸ்தியைப் போற்றுவோர் இதை மறைக்கலாகாது. அவளுக்குப்பின் நாடெங்குமிருந்து அரண்மனைக்குத் திரட்டப்பட்ட பெயரறியாக் கன்னியரையும் மறக்கலாகாது.

இதனினும் முக்கியமானவை வேறு இரு குறிப்புகள். மெமுகானும் ஆமானும் ஒருவனே என்கின்றனர் ரபிமார். பெண்களை அடக்கக் கட்டளை எழுதத் தூண்டியவனே பின்னர் யூதரை அழிக்கவும் கட்டளை எழுதுவித்தான் என்பது இதன் பொருள். அடுத்தது ராவா என்னும் அறிஞரின் கருத்து. முதற் கட்டளையைக் கேட்ட மக்கள் நகைத்தனராம். நெசவாளனுங்கூடத் தன் வீட்டில் தலைவன்தானே, இதற்கும் ஓர் அரசாணையா என்றனராம். அந்த நகைப்பினால் அரசன்மீதிருந்த மதிப்புக் குன்றியது; அதனாலேயே யூதர்மீதான இரண்டாம் ஆணையை மக்கள் விரைந்து நிறைவேற்றவில்லை; யூதரும் தப்பினர்.

இரு கொடுமைகளுக்கும் வேர் ஒன்றே என்பதை ரபிமார் கண்டனர். கண்டும், முதற் கொடுமைக்கு இலக்கானவளை இழித்துரைத்தனர். எலிசபெத் கேடி ஸ்டான்டன் முதலானோர் உருவாக்கிய ‘பெண்களின் வேதாகமம்’ 1898ஆம் ஆண்டில் வெளியான இரண்டாம் பகுதியில் வஸ்தியைப் போற்றியது. மறுத்த பெண்ணிடம் காரணம் கேட்டு, பின் அவள் ஒழுக்கத்தை ஆராயும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. தம்மை ஒடுக்குவோரை எதிர்க்கும் மக்கள் தம்மவருள் ஒடுக்கப்படுவோரை மறந்தால், ஆமானின் முதற் கட்டளை செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும்.