காதால் நடந்த தாழ்வாரம்

மணிமங்கலம் சாலையோரம் கண்ணை மூடி நின்றாலும், ஸ்ரீபெரும்புதூர் போகும் லாரி எந்தப் பக்கம் வருகிறதென்று காது சொல்லிவிடும். இந்த எளிய திறமையை நம்பிப் பிறந்ததுதான் ‘ஆடியோ டூம்’. 1990களின் இறுதியில் சிலி நாட்டில் ஹைமே சான்செஸும் மௌரிசியோ லும்ப்ரேராஸும் பார்வையற்ற குழந்தைகளுக்காக உருவாக்கிய கணினி விளையாட்டு. படமே தேவையில்லை. காலடி, கதவு, ஒரு காதுப்பக்கம் நெருங்கிவரும் எதிரி, எல்லாமே ஓசைதான். நின்று, கேட்டு, திசை பிடித்து, அப்புறமே அடுத்த அடி. அந்த நிதானம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

விளையாடி முடித்த குழந்தைகள் லெகோ கட்டைகளின் சிறு குமிழ்களைத் தடவித் தடவி அடுக்கி, தாங்கள் ‘நடந்த’ தாழ்வாரங்களைக் கட்டிக் காட்டினார்கள். கேட்டது மட்டுமே ஒரு வரைபடமாகிக் கைக்கு இறங்கிவந்திருக்கிறது! அதற்காகவே ஒவ்வொரு ஓசையையும் இடம்பார்த்து வைத்தவர்களின் காதுகளையும் பாராட்டத் தோன்றுகிறது.