பழைய ஜப்பானியத் தானியங்கி குரோனோகிராஃப் கடிகாரங்கள்: சேகரிப்பின் அளவுகோல்கள் – ஒரு திறனாய்வு

நேரம் காட்டுவதோடு, வேண்டும்போது ஒரு முள்ளை ஓடவிட்டு நிறுத்தி, ஒரு நிகழ்வுக்கு ஆன கால அளவையும் கணக்கிட உதவும் கடிகாரம் குரோனோகிராஃப் எனப்படும். கையின் அசைவாலேயே சாவி ஏறும் கடிகாரம் தானியங்கி. இவ்விரு வசதிகளும் ஒன்றாக அமைந்த கைக்கடிகாரங்கள் 1969-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் ஜப்பானின் சீகோ நிறுவனம் செய்த 6139, பின்னர் வந்த 6138, சிட்டிசன் நிறுவனத்தின் 8110 ஆகிய இயக்கங்களைக் கொண்ட கடிகாரங்கள் இன்று உலகெங்கும் சேகரிக்கப்படுகின்றன. இவற்றை மதிப்பிடச் சேகரிப்பாளர்கள் கைக்கொள்ளும் அளவுகோல்கள் சரியானவைதாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முதலிடம் யாருக்கு?

முதல் தானியங்கி குரோனோகிராஃப் எது என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. சுவிட்சர்லாந்தின் செனித் நிறுவனம் 1969 ஜனவரியில் தன் இயக்கத்தை அறிவித்தது. ஹோயர், பிரைட்லிங் முதலிய நிறுவனங்கள் கூட்டாகச் செய்த இயக்கம் அதே ஆண்டு மார்ச்சில் அறிவிக்கப்பட்டது. சீகோ பெரிய ஆரவாரம் எதுவுமின்றி மே மாதம் ஜப்பானியக் கடைகளில் 6139-ஐ விற்பனைக்கு வைத்தது. அறிவிப்பை அளவாகக் கொண்டால் ஒருவர் முந்துவார். கடைக்கு வந்த நாளைக் கொண்டால் மற்றொருவர் முந்துவார். சில மாத இடைவெளியை வைத்து ஒரு கடிகாரத்தின் தகுதியை முடிவு செய்ய இயலாது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்பதே பயனுள்ள கேள்வி.

இயக்க அமைப்பு

அவ்வகையில் பார்த்தால் 6139-இன் சிறப்பு தெளிவாகிறது. பழைய குரோனோகிராஃப்களில், பொத்தானை அழுத்தியதும் ஒரு பற்சக்கரம் பக்கவாட்டில் நகர்ந்து மற்றொன்றின் பற்களோடு கோத்துக்கொள்ளும். பற்கள் சரியாகப் பொருந்தாதபோது முள் சற்றே துள்ளித் தொடங்கும். 6139-இல் இரண்டு வட்டுகள் ஒரே அச்சில் மேலும் கீழுமாக அமர்ந்து, ஒன்றையொன்று அழுத்திப் பிடித்து இயங்குகின்றன. இதனைச் செங்குத்துக் கிளட்ச் என்பர். இதனால் முள் துள்ளாமல் தொடங்குகிறது. தொடக்கம், நிறுத்தம் ஆகிய கட்டளைகளை ஒரு தூண் சக்கரம் ஒழுங்குபடுத்துகிறது. இவ்விரு ஏற்பாடுகளும் ஒருங்கே அமைந்த முதல் தானியங்கி இதுவே. பின்னாளில் ரோலெக்ஸ் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட 4130 இயக்கமும் இவ்விரண்டையும் கொண்டதே.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். 6139-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. எப்போதும் ஓடும் நொடிமுள் இல்லை. நிறுத்தமுள் கணக்கு 30 நிமிடத்தோடு முடிகிறது. 6138-இல் 12 மணி நேரக் கணக்கும் கைச்சாவியும் சேர்ந்தன. சிட்டிசன் 8110 மணிக்கு 28,800 அதிர்வுகளில் ஓடுவது. ஓடும் முள்ளை நிறுத்தாமலேயே ஒரே அழுத்தில் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் ஓடவிடும் வசதியும் அதில் உண்டு. எனினும் 8110 பற்றிய பேச்சு குறைவு. காரணம், அதற்கு ஒரு கதை இல்லை.

பட்டப்பெயர்களின் ஆட்சி

6139-க்குக் கதை உண்டு. அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக், 1973 நவம்பர் முதல் 1974 பிப்ரவரி வரை 84 நாள்கள் ஸ்கைலேப் நிலையத்தில் இருந்தபோது, தம்முடைய மஞ்சள் முகப்பு 6139-ஐ அணிந்திருந்தார். விண்வெளிக்குச் சென்ற முதல் தானியங்கி குரோனோகிராஃப் என்ற பெயர் அதனால் கிடைத்தது. நாசா முறைப்படி வழங்கியது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். சீகோ அவர் தாமாகக் கொண்டுசென்றது.

இதனால் மஞ்சள் முகப்புடைய 6139-கள் பலவும் இன்று 'போக்' என்ற பெயரில் விற்கப்படுகின்றன. நீல முகப்புக்குப் பந்தயக் கார் ஓட்டுநர் பிரான்சுவா செவர்ட்டின் பெயர் வழங்குகிறது. பெயர் நினைவில் நிற்க உதவும், ஆனால் சான்றாகாது. ஒரே இயக்கமுள்ள வேறு நிறக் கடிகாரம் பெயரில்லாத காரணத்தால் பின்தள்ளப்படுவது, வகுப்பில் பெயர் தெரிந்த மாணவனுக்கு மட்டும் மதிப்பெண் போடுவது போன்றது.

புதுப்பித்தலின் கேடு

கதைக்கு அடுத்தபடி சந்தை விரும்புவது பளபளப்பு. இதன் விளைவாகப் பழைய முகப்புகளுக்கு மறுவண்ணம் பூசுவதும், புதிதாகச் செய்த முகப்பு, முள், வெளிவளையம் ஆகியவற்றைப் பொருத்துவதும் பெருகிவிட்டன. மும்பையில் மறுவண்ணம் பூசப்பட்டு விற்பனையாகும் சீகோ 5 கடிகாரங்கள் இதற்கு நாமறிந்த சான்று. விற்பவர் இதைச் சொல்லி விற்றால் குற்றமில்லை. சொல்லாதபோது வாங்குபவர் பணத்தை இழக்கிறார். கடிகாரம் தன் வரலாற்றை இழக்கிறது. மங்கிய மஞ்சளும் கீறலும் அதன் ஐம்பதாண்டு வாழ்வின் எழுத்துகள். அழித்தபின் அவற்றை மீட்க வழியில்லை.

புதிதாக வாங்க விரும்புவோர் பின்மூடியைப் படிக்கக் கற்க வேண்டும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்குப் பூச்சியம் வரும். நவம்பர், டிசம்பருக்கு ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்து வரும். ஆனால் முதல் இலக்கம் 9 என்றால் அது 1969 ஆகவும் இருக்கலாம், 1979 ஆகவும் இருக்கலாம். அப்போது முகப்பின் சொற்கள் கைகொடுக்கும். தொடக்கக் காலத்தவற்றில் 'வாட்டர் புரூஃப்' என்றும், பிந்தியவற்றில் 'வாட்டர் ரெசிஸ்ட்' என்றும் இருக்கும். பின்மூடி ஒரு காலத்தையும் முகப்பு வேறொரு காலத்தையும் சொன்னால், அது பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்துக் கட்டியதாக இருக்க வாய்ப்பு மிகுதி.

மதிப்பீடு

இக்கடிகாரங்கள் செல்வருக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பலர் வாங்கி, நாள்தோறும் அணிந்து தேய்த்தவை. உயர்ந்த பொறியமைப்பைச் சாதாரண மனிதரின் கைக்குக் கொண்டுவந்ததே அவற்றின் பெருமை. எனவே உறுப்புகளின் நேர்மை முதலாவதாகவும், இயக்கத்தின் நலம் இரண்டாவதாகவும், தோற்றம் மூன்றாவதாகவும், கதை கடைசியாகவும் மதிப்பிடப்பட வேண்டும். இன்றைய சந்தை இந்த வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறது. தேய்ந்தாலும் தன் சொந்த முகப்போடு ஓடும் ஒரு 6139, புதுமுகம் பூண்ட பத்து 'போக்' கடிகாரங்களைவிட மேலானது.