‘ஓட மாட்டேங்குது’: நம் நிறுவல் குறிப்புகளில் இல்லாத பாதி

தாம்பரத்திலிருந்து தெற்கே வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலை நகர் என்று போனாலும், கிழக்கே கேளம்பாக்கம் பக்கம் திரும்பினாலும் பொறியியல் கல்லூரிகள்தான். ஜனவரி பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் கடைசி வருட மாணவர்களின் ரிப்போர்ட் பைண்டிங் ஆரம்பமாகிவிடும். ரிப்போர்ட் தயார். அட்டையில் தங்க எழுத்து தயார். ஆனால் மடிக்கணினியில் ப்ராஜெக்ட்? “ஓட மாட்டேங்குது சார்.”

இந்த ப்ராஜெக்ட்டுகளில் கணிசமானவை ‘ப்ராஜெக்ட் சென்டர்’களில் காசு கொடுத்து வாங்கப்படுபவை என்பது ஊரறிந்த விஷயம். அது சரியா தப்பா என்ற விவாதத்தை இங்கே எடுக்கப் போவதில்லை. காசு கொடுத்து வாங்கினாலும் சரி, கிட்ஹப்பிலிருந்து இறக்கினாலும் சரி, சீனியரிடமிருந்து பென்டிரைவில் வந்தாலும் சரி, மாணவன் முன்னால் இருப்பது ஒரே நிலைமைதான்: வேறு யாரோ, வேறு எந்திரத்தில், வேறொரு வருஷத்தில் எழுதிய நிரலை இன்று தன் எந்திரத்தில் ஓட வைக்க வேண்டும். அந்த நேரத்தில் அவன் கையில் மூன்று வகை எழுத்துகள் இருக்கின்றன. கூட வந்த ரீட்மீ, திரையில் வரும் பிழைச்செய்தி, தேடிப் பிடிக்கும் நிறுவல் வழிகாட்டி. இந்த மூன்றையும் எழுத்தாகவே எடுத்துக்கொண்டு விமர்சிப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. இலக்கியத்தை மட்டும்தான் விமர்சிக்க வேண்டுமா என்ன?

முதலில் ரீட்மீ

ஜிப் ஃபைலோடு வரும் ரீட்மீ பெரும்பாலும் நாலு வரி. ஸாம்ப் இன்ஸ்டால் செய்யவும். ஃபோல்டரை எச்டிடாக்ஸில் போடவும். டேட்டாபேஸை இம்போர்ட் செய்யவும். பிரௌசரில் லோக்கல்ஹோஸ்ட் திறக்கவும். நாலு வரியும் உண்மை. ஆனால் எந்த ஸாம்ப் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

பழைய பிஎச்பி ப்ராஜெக்ட்டுகள் ‘மைஎஸ்க்யூஎல்_கனெக்ட்’ என்ற ஃபங்ஷனை வைத்து டேட்டாபேஸோடு பேசும். 2013-ல் பிஎச்பி 5.5 வந்தபோதே ‘இதை இனி பயன்படுத்தாதீர்கள்’ என்று சொல்லிவிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0-ல் அதைத் தூக்கியே விட்டார்கள். இன்று ஒரு மாணவன் புது ஸாம்ப் இறக்கி அந்தப் பழைய ப்ராஜெக்ட்டைப் போட்டால், ‘இப்படி ஒரு ஃபங்ஷன் வரையறுக்கப்படவில்லை’ என்று பிழை வரும். வரத்தான் வேண்டும். நிரலிலும் தப்பில்லை, மாணவனிடமும் தப்பில்லை. நடுவில் பத்து வருஷம் ஓடிவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் நாலு வரி ரீட்மீயைப் படித்தவனுக்கு அது தெரிய வழியில்லை. நாலு வரியையும் அவன் அப்படியே செய்தான், வரவில்லை. அவனுக்கு மிஞ்சுவது இரண்டே முடிவு: ‘லேப்டாப் சரியில்லை’ அல்லது ‘எனக்கு கோடிங் வராது’. முதல் முடிவுக்கு வந்தவன் விண்டோஸை ஃபார்மேட் பண்ணுவான். நஷ்டம் ஒரு நாள். இரண்டாவது முடிவுக்கு வந்தவனின் நஷ்டத்தை எப்படிக் கணக்குப் போடுவது? குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்தவர்கள், கேட்க அண்ணன் அக்கா யாரும் இந்தத் துறையில் இல்லாதவர்கள், இந்த இரண்டாவது முடிவுக்குத்தான் சீக்கிரம் போகிறார்கள்.

பிழைச்செய்தி சொல்வதும் சொல்லாததும்

அடுத்து பிழைச்செய்தி. இதை எழுதியவர்கள் உலகின் சிறந்த நிரலாளர்கள். ஆனாலும் எழுத்து என்ற வகையில் பல செய்திகள் மோசம்.

‘மேக்’ என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். 1976-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. இன்றைக்கும் சி நிரல்களைக் கட்டமைக்க அதுதான் பெரிதும் பயன்படுகிறது. மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் போட்டால் ஏற்காது. இது ஏன் இப்படி என்று ஃபெல்ட்மனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். முதலில் சுலபமாக இருந்ததால் டேப் வைத்தார். சில வாரத்தில் ஒரு டஜன் பேர் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று மாற்றாமல் விட்டுவிட்டார். அந்த ஒரு டஜன் பேரின் சௌகரியத்துக்கு ஐம்பது வருஷமாக உலகம் முழுக்க மாணவர்கள் விலை கொடுக்கிறார்கள்.

டேப்புக்குப் பதில் ஸ்பேஸ் இருந்தால் குனு மேக் சொல்வது: ‘மிஸ்ஸிங் செப்பரேட்டர். ஸ்டாப்.’ எந்த செப்பரேட்டர்? எதை எதிலிருந்து பிரிக்க? வேடிக்கை என்னவென்றால், எட்டு ஸ்பேஸ் இருந்தால் மட்டும் ‘டேப் போட நினைத்தீர்களா?’ என்று கூடுதலாக ஒரு குறிப்பு தரும். இன்றைய எடிட்டர்களில் பல நாலு ஸ்பேஸ் போடுபவை. ஆக, உதவி இருக்கிறது. ஆனால் தேவைப்படுபவனுக்குப் போய்ச் சேராது.

இன்னொன்று. உபுண்டுவில் ஒரு பைத்தான் தொகுப்பை நிறுவும்போது ‘பைத்தான்.ஹெச்: அப்படி ஒரு கோப்பு இல்லை’ என்று நிற்கும். படிப்பவன் என்ன நினைப்பான்? ‘பைத்தான்தான் இருக்கே, இப்பதானே வெர்ஷன் பார்த்தேன்?’ பைத்தானை ஓட்டுவதற்கு வேண்டியது வேறு, அதோடு சேர்த்து சி நிரலைக் கட்டமைப்பதற்கு வேண்டியது வேறு. இரண்டாவது ‘பைத்தான்3-டெவ்’ என்று தனிப் பொட்டலமாக வரும். இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் அரை நிமிஷ வேலை. தெரியாவிட்டால் ஒரு ராத்திரி.

ஆண்ட்ராய்டு ப்ராஜெக்ட் எடுத்தவர்கள் கிரேடிலில் சந்திப்பது: ‘அன்சப்போர்ட்டட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 61’. இந்த 61 எங்கிருந்து வந்தது? அதிலிருந்து 44-ஐக் கழித்துப் பாருங்கள். 17. அதாவது எந்திரத்தில் இருப்பது ஜாவா 17. ப்ராஜெக்ட்டோடு வந்த கிரேடில் அதற்கு முந்திய காலத்து ஆசாமி. 52 என்று வந்தால் ஜாவா 8, 65 என்றால் ஜாவா 21. செய்தி முழு உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் படிப்பவனுக்குப் புரியும் எண்ணில் சொல்லவில்லை.

சரி, செய்தியைப் படிக்கலாம் என்றால், எங்கே படிப்பது? இதை நம்மூரில் யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. சி நிரல் கட்டமைப்பில் முதல் பிழைதான் உண்மையான பிழை. அதற்குக் கீழே வருவதில் பெரும்பகுதி அதன் எதிரொலி. கடைசியில் மேக் சொல்லும் ‘எரர் 2’ என்பதற்கு ‘ஏதோ தப்பாகிவிட்டது’ என்பதைத் தாண்டி அர்த்தமே இல்லை. பைத்தான் ட்ரேஸ்பேக்கில் தலைகீழ். கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும். ஜாவாவில் ‘காஸ்ட் பை’ என்று தொடங்கும் வரிகளில் கடைசியாக வருவதைத் தேட வேண்டும். கருவிக்குக் கருவி இடம் மாறுகிறது. இது தெரியாத மாணவன் இருநூறு வரி சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் திரையை மூடிவிட்டு அடுத்த யூடியூப் வீடியோவுக்குப் போவதில் ஆச்சரியம் என்ன?

நல்ல செய்திக்கு வந்த கதி

நன்றாக எழுதப்பட்ட செய்தியும் உண்டு. 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் நேரடியாக ‘பிப் இன்ஸ்டால்’ அடித்தால், இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று சொல்லி நிறுத்திவிடும். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளிலும் அப்படியே. சிஸ்டத்துக்குச் சொந்தமான பைத்தானில் நாம் கை வைத்தால் சிஸ்டமே கெடலாம் என்பதுதான் காரணம். அந்தச் செய்தி நிறுத்துவதோடு விடவில்லை. ஏப்ட் வழியாக நிறுவுங்கள், இல்லையென்றால் தனியாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்குங்கள், அதற்கான கட்டளை இது, என்று படிப்படியாகச் சொல்கிறது. ஒரு நல்ல வாத்தியார் சொல்வது மாதிரி.

கடைசியில், ‘இதையும் மீறலாம், சிஸ்டம் உடையும் அபாயம் உங்களுடையது’ என்று ஒரு வழியையும் குறிப்பிடுகிறது. அந்தத் தேர்வுக்குப் பெயரே ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. நம் வழிகாட்டி வீடியோக்கள் பல அந்தக் கடைசி வழியை மட்டும் எடுத்துக்கொண்டு, “இதைப் போடுங்க, எரர் போயிடும்” என்கின்றன. எரர் போய்விடும்தான். வாசலில் காவலுக்கு நிற்பவரை அனுப்பிவிட்டால் வாசலில் யாரும் தடுக்க மாட்டார்கள்.

தமிழ் வழிகாட்டிகள்

இந்தத் துறையில் தமிழுக்கு, அதிலும் தென் சென்னைப் புறநகருக்கு, வரலாறு இல்லாமல் இல்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்துதான் 2005-ல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்ட போஸ் லினக்ஸ் அந்த முயற்சியில் விளைந்தது. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதி வருகிறது; மைஎஸ்க்யூஎல், லினக்ஸ் என்று எளிய தமிழில் இலவச மின்னூல்களைத் தந்திருக்கிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழியில் ‘பதிப்பி’ என்று தமிழிலேயே நிரல் எழுதலாம்.

இவை பெரிய காரியங்கள். ஆனால் எழிலின் இயக்கியே பைத்தானில் எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். தன் எந்திரத்தில் அதை நிறுவி ‘பதிப்பி’ என்று எழுத ஆசைப்படும் பிள்ளை அதற்கு முன் பைத்தான், பிப், பாத் என்ற படிகளைத் தாண்டியாக வேண்டும். மொழியைத் தமிழாக்கிவிட்டோம். அதை ஓட வைக்கும் படிகள் இன்னும் இருட்டில்தான் இருக்கின்றன.

நான் பார்த்த தமிழ் நிறுவல் வழிகாட்டிகளில், எழுத்தானாலும் வீடியோவானாலும், பெரும்பாலானவை சமையல் குறிப்பு மாதிரி. இதைப் போடு, அதைக் கிளறு, இறக்கு. சமையல் குறிப்பிலாவது ‘எண்ணெய் பிரிந்து வரும் வரை’ என்று ஒரு அடையாளம் சொல்வார்கள். நம் வழிகாட்டிகளில் அதுவும் கிடையாது. இந்தப் படி சரியாக முடிந்தது என்று எப்படித் தெரியும்? தெரியாது. மூன்றாம் படியில் நடந்த தப்பு ஏழாம் படியில் வெடிக்கும். படிப்பவன் ஏழாம் படியையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பான்.

“இப்போ ஏஐ இருக்கே, எரரை காப்பி பண்ணிப் போட்டா சொல்லிடுமே” என்பார்கள். சொல்லும். எந்த வரியைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்துச் சொல்லும். ‘எரர் 2’ என்ற கடைசி வரியை மட்டும் கொடுத்தால் அதுவும் குத்துமதிப்பாகப் பத்து யோசனை சொல்லும். பத்தையும் செய்து பார்த்தவனின் எந்திரம் முன்பைவிடக் குழம்பியிருக்கும். “டாக்கர் போட்டா பிரச்சினையே இல்ல” என்பது இன்னொரு பதில். நாலு ஜிபி ராம் உள்ள மடிக்கணினியில் விண்டோஸும் டாக்கரும் பிரௌசரும் சேர்ந்து ஓடுவதை முதலில் காட்டட்டும்.

இதெல்லாம் இவ்வளவு முக்கியமா? வேலையில் சேர்ந்த முதல் வாரம் என்ன தருகிறார்கள் என்று சிறுசேரியிலோ மெப்ஸிலோ வேலை பார்க்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். புதிதாக நிரல் எழுதச் சொல்ல மாட்டார்கள். யாரோ எழுதிய பழைய ப்ராஜெக்ட்டை உன் எந்திரத்தில் ஓட வை என்பார்கள். நாம் ‘தொல்லை’ என்று நினைத்து ஒதுக்கும் இதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். அதைக் கல்லூரியும் நடத்தவில்லை, வழிகாட்டிகளும் எழுதவில்லை.

அதனால் தமிழில் நிறுவல் குறிப்பு எழுதும் நண்பர்களிடம் மூன்றே கோரிக்கைகள். ஒன்று, எழுதிய தேதியையும், உங்கள் எந்திரத்தில் இருந்த ஒவ்வொரு கருவியின் வெர்ஷனையும் மேலேயே போடுங்கள். இரண்டு, ஒவ்வொரு படிக்கும் கீழே ஒரு சோதனைக் கட்டளையும், அதற்கு வர வேண்டிய பதிலும் கொடுங்கள். மூன்று, கடைசியில் ‘வழக்கமாக வரும் பிழைகள்’ என்று ஒரு பகுதி. மூன்று பிழை போதும், ஒவ்வொன்றும் ஏன் வருகிறது என்பதற்கு இரண்டு வரி. நீங்கள் நிறுவும்போது உங்களுக்கே அந்தப் பிழைகள் வந்திருக்கும். சரியானதும் திரையைத் துடைத்துவிட்டு, சுத்தமான பதிப்பை மட்டும் எழுதுகிறீர்கள். துடைத்த அந்தப் பகுதிதான் படிப்பவனுக்கு வேண்டியது.

மாணவர்களிடமும் ஒன்று. அடுத்த தடவை ஓடாதபோது ஃபார்மேட் பண்ணுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். என்ன அடித்தேன், என்ன வரும் என்று நினைத்தேன், என்ன வந்தது என்று மூன்று வரி எழுதுங்கள். பாதி நேரம், மூன்றாவது வரியை எழுதும்போதே அந்தச் செய்தியை முதல் முறையாக முழுசாகப் படித்திருப்பீர்கள். மீதி நேரம், அந்த மூன்று வரியோடு போய்க் கேட்டால் யாரும் “என்னப்பா ஓடலை?” என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்காது.