மரம் மட்டும் மனப்புண் ஆற்றுமா?

துயருற்றவன் காட்டை நாடட்டும், கடலை நோக்கட்டும், பறவையின் குரலைக் கேட்கட்டும். கவலையும் குடியும் தாமே அகன்றொழியும் என்றொரு கொள்கை அண்மைக் காலத்து ஆங்கில நூல்களின் வாயிலாகப் பெரிதும் பரவி வருகின்றது. இதனைக் கேட்டவுடன் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தோர் உள்ளத்தில் ஒரு வினா எழாமற் போகாது. நம் பாட்டனாரும் தந்தையாரும் பசுமைக்கு நடுவே அன்றோ வாழ்ந்தனர்? விடியுமுன்னர் பனியில் நனைந்து, பறவைகள் கூவும் வேளையில் பால்மரம் சீவினர். மரமே அவர்கட்கு உலகமாயிருந்தது. அவ்வாறாயின், வேலை முடிந்த மாலையில் அவர்கள் கால்கள் கள்ளுக்கடையை நோக்கி நடந்தது ஏன்? மரம் நோய் தீர்க்குமாயின், மரத்தின் கீழேயே வாழ்ந்தவன் நோயாளியானது எங்ஙனம்?

இவ்வினாவைக் கையிற் கொண்டே இரண்டு ஆங்கில நூல்களை நாம் படித்தோம். ஒன்று, 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த, ஏமி லிப்டிராட் எழுதிய ‘தி அவுட்ரன்’. மற்றொன்று, 2014-ஆம் ஆண்டில் வெளிவந்த, ஹெலன் மெக்டொனால்டு எழுதிய ‘எச் இஸ் ஃபார் ஹாக்’. முன்னது குடியிலிருந்து மீண்ட கதை. பின்னது தந்தையை இழந்த துயரின் கதை. முன்னது 2016-இல் வெயின்ரைட் பரிசையும், பின்னது 2014-இல் சாமுவேல் ஜான்சன் பரிசையும் பெற்றன. முன்னது 2024-இல் திரைப்படமாகவும் வந்தது. பரிசும் படமும் ஒரு நூலின் உண்மைக்குச் சான்றாகா. ஆதலின் நூல்களுக்குள்ளேயே புகுவோம்.

லிப்டிராட், ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஆர்க்னித் தீவுகளில் ஓர் ஆட்டுப்பண்ணையில் வளர்ந்தவர். பண்ணையின் கோடியில், கடலை ஒட்டிக் கிடக்கும் கரடுமுரடான மேய்ச்சல் நிலத்திற்கே ‘அவுட்ரன்’ என்று பெயர். அவர் லண்டன் சென்றார், குடித்தார், காதலரை இழந்தார், வேலையை இழந்தார், இருப்பிடத்தையும் இழந்தார். பின்னர் ஊர் திரும்பி, பறவைகளைக் காக்கும் சங்கமொன்றில் வேலைக்கமர்ந்தார். அவர் எண்ணவேண்டிய பறவை ‘கார்ன்கிரேக்’ என்பது. அது நம் கானாங்கோழிக்கு உறவு. ஆப்பிரிக்காவிலிருந்து பறந்துவந்து புல்வெளியில் முட்டையிடுவது. இயந்திரங்கொண்டு புல்லறுக்கத் தொடங்கிய பின்னர் அதன் கூடுகள் அழிந்து, இனமும் அருகிப் போயிற்று. புல்லுக்குள் ஒளிந்து வாழும் அதனைக் கண்ணாற் காண்பது அரிது. ஆண்பறவையின் கரகரத்த குரலை நள்ளிரவில் செவியாற் கேட்டே எண்ணவேண்டும். ஒரு காலத்தில் நள்ளிரவில் மதுவைத் தேடித் திரிந்தவர், அதே வேளையில் வயலோரத்தில் காரை நிறுத்திச் செவிசாய்த்து நின்றார். பின்னர், மிகச் சிலரே வாழும் பாப்பா வெஸ்ட்ரே என்னும் சிறு தீவில் குளிர்காலத்தைக் கழித்தார்.

இந்நூலை மேலோட்டமாகப் படிப்பவர், பறவையே குடியை நிறுத்திற்று என்பர். ஊன்றிப் படிப்போர்க்கு வரிசை வேறாகத் தோன்றும். ஊர் திரும்புமுன்னரே அவர் லண்டனில் சிகிச்சை பெற்றார். தம்மைப் போன்ற குடிநோயாளிகளோடு ஒருங்கே அமர்ந்து, வெட்கத்தை விட்டுப் பேசினார். குடி நின்றபின் வந்ததே பறவை. அங்ஙனமாயின் பறவை செய்த தொண்டு யாது? குடியை விட்டவனுக்கு நாள் முழுதும் வெறுமையாய்க் கிடக்கும். அவ்வெறுமையே அவனை மீண்டும் கடைக்கு இழுக்கும். அந்த இடத்தில் ஒரு வேலையையும், ஒரு பொறுப்பையும், செவிக்கு ஒரு விருந்தையும் பறவை கொணர்ந்து வைத்தது. இதுவே நூலின் உயிர்நிலை. ஆசிரியர் இதனை மறைக்கவில்லை. நூலைப் புகழ்வோரே எளிதில் மறந்துவிடுகின்றனர்.

மெக்டொனால்டின் நூல் இன்னும் நேர்மையானது. செய்தித்தாள் புகைப்படக்காரரான தந்தையார் 2007-இல் திடீரென மறைந்தார். துயர் தாளாத ஆசிரியர், வல்லூற்றினத்தில் பெரியதான ‘காஸ்ஹாக்’ என்னும் வேட்டைப்பறவை ஒன்றை வாங்கி, மேபல் எனப் பெயரிட்டுப் பழக்கலானார். பழக்கப் பழக்க மனிதரை விட்டு விலகினார்; பறவையின் கண்கொண்டே உலகைப் பார்க்கத் தொடங்கினார். இதுவோ நலம்? அன்று, நோயின் மற்றொரு முகமே. மனிதனின் கை மற்றொரு மனிதனின் கையைப் பற்றுதற்கும் உரியது என்பதைத் தந்தையாரின் நினைவுக் கூட்டத்தில் அவர் உணர்கிறார். பின்னர் மருத்துவரிடம் சென்று மருந்தும் உட்கொள்கிறார். 1951-இல் ‘தி காஸ்ஹாக்’ என்னும் நூலை வெளியிட்ட டி. எச். வைட் என்பாரின் கதையும் இந்நூலில் ஊடே வருகின்றது. தம் மனவேதனையிலிருந்து தப்பவே பறவையைப் பற்றிய அவர், அறியாமையால் அதனை வதைத்து, இறுதியில் இழந்தும் போனார். ஒரே வகைப் பறவை. ஒருவர் மீண்டார், மற்றவர் மீளவில்லை. பறவையே மருந்தாயின் இவ்வேறுபாடு வருமா?

இந்நூல்களில் குறை யாதெனின், இருவரும் தம் விருப்பப்படி சென்றவர்கள். போகவும் தங்கவும் வரவும் அவர்கட்கு உரிமையிருந்தது. அவ்வுரிமை இல்லாதவன் எவ்வாறு மீள்வான் என்பதை இரு நூல்களும் ஆராயவில்லை. நம் தோட்டத் தொழிலாளிக்கு மரம் அயலான் உடைமை. சில நூறு மரங்களை வெயிலேறுமுன் சீவி முடிக்கவேண்டியவன் பாலைப் பார்ப்பானா, பறவையைப் பார்ப்பானா? கள்ளுக்கடையோ பல தோட்டங்களில் எல்லைக்குள்ளேயே இருந்தது. 1946, 47-ஆம் ஆண்டுகளில் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் அக்கடைகளை எதிர்த்து நின்றனர். கண்முன் நின்ற கடையை எதிர்த்தது வீரமே. ஆயினும் குடித்தவனை மேடையேறி மிருகமென்றும் புழுவென்றும் ஏசும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வேச்சினால் மீண்டவன் ஒருவனை நாம் கண்டதில்லை. வெட்கம் குடிகாரனை ஒளிந்து குடிக்கவே பழக்கும். வெட்கத்தை இறக்கிவைக்க ஓரிடம் கிடைத்த பின்னரே மீட்சி தொடங்கும் என்பதை லிப்டிராட்டின் நூல் நன்கு காட்டுகின்றது.

இதனை நாம் ஏட்டளவில் மட்டும் சொல்லவில்லை. நமது தந்தையார் மறைந்தது சம்சுவினால். அவர் மறைந்தபின் சில திங்கள் நாமும் அதே புட்டியைக் கையிலெடுத்தோம் என்பதை வாசகர்க்கு ஒளிப்பதற்கில்லை. நம்மைப் பட்டணத்து மருத்துவரிடம் இழுத்துச் சென்றவர் தாய்மாமன். அதன்பின் மாலைதோறும் வந்து வாசற்படியில் அமர்ந்தவரும் அவரே. அவர் புத்தி சொல்லவில்லை, அமர்ந்தார், அவ்வளவே. தோட்டம் செம்பனைக்கு மாறிவிட்ட காலம் அது. செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கம்பங்களின் மேல் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுவர். கிராணியாகிய நமக்கு அப்பெட்டிகளின் கணக்கு வந்து சேர்ந்தது. பெட்டியின் அடியில் கூகை உமிழ்ந்த எலும்பும் மயிரும் கலந்த உருண்டைகள் கிடந்தால் குடியிருப்பு உண்டு எனக் குறிக்கவேண்டும். ஆந்தை அலறினால் சாவு வரும் என்று சிறுவயதில் கேட்டு நடுங்கிய நாம், அந்த அலறல் கேட்டால் ஒரு பெட்டி நிறைந்தது என மகிழக் கற்றோம். கூகை நம் துயரைத் தீர்த்ததா? இல்லை. மறுநாள் விழித்தெழ ஒரு காரணம் தந்தது. லிப்டிராட்டின் நள்ளிரவுப் பக்கங்களைப் படித்தபோது நமக்கு அந்தப் பெட்டிகளே நினைவுக்கு வந்தன.

ஆகவே நமது முடிபு இது. இயற்கை மனப்புண்ணை ஆற்றும் என்பது பாதி உண்மை. மருத்துவம் வேண்டும், ஏசாத மனிதர் வேண்டும், கூலிக்கன்றித் தன் விருப்பத்தால் மரத்தை நிமிர்ந்து பார்க்கச் சிறிது ஓய்வும் வேண்டும். இம்மூன்றும் வாய்த்தவனுக்குப் பறவையின் குரல் அமுதம். வாய்க்காதவனுக்குக் காடும் ஒரு சுவரே. ஆங்கிலம் கற்ற இளைஞர் இவ்விரு நூல்களையும் படித்து, அவற்றின் பொருளைத் தமிழில் எடுத்துச் சொல்வாராக. படிக்க இயலாதோர் மனங்குன்ற வேண்டுவதில்லை. தம் லயத்திலோ அடுக்குமாடியிலோ குடியோடு போராடும் ஒருவன் இருப்பின், இன்று மாலை அவன் வாசலிற் சென்று அமரட்டும். இந்நூல்களின் சிறந்த பக்கங்கள் சொல்வதும் ஏறக்குறைய அதுவே.